வழக்காறு என்று சொல்வது யார்? பெண்களின் உரிமை குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

எழுதப்பட்ட சட்டத்துக்குப் பக்கத்தில், எழுதப்படாத வழக்காறும் உலகின் பல நாடுகளில் இன்றும் சட்டமாகவே செயல்படுகிறது. திருமணம், வாரிசுரிமை, நிலம், தலைமைப் பதவி ஆகியவற்றில் அதன் பிடி மிகுதி. பெண்களின் வாழ்க்கையைத் தீர்மானிப்பவையும் பெரும்பாலும் இவையே. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஒன்றுக்கொன்று நெருக்கமானவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. சிலவற்றுக்குச் சில வரிகளே போதும்.

கேள்வி: சர்வதேச உடன்படிக்கை ஒன்று சொல்கிறது, ஒரு சமூகத்தின் வழக்காறு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது என்றால், நீதிமன்றம் எதைப் பின்பற்றும்?

பதில்: அந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் எதைப் பின்பற்றச் சொல்கிறதோ அதையே பின்பற்றும். உடன்படிக்கைகளிடம் பெரிதாக எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தப் பதில் ஏமாற்றம் தரலாம். ஆனால் இதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும்.

பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை, சுருக்கமாக சீடா என்று அழைக்கப்படுவதை, ஐ.நா. பொதுப்பேரவை 1979 டிசம்பர் 18 அன்று நிறைவேற்றியது. 1981 செப்டம்பர் 3 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பாகுபாடு காட்டும் சட்டங்களை மட்டுமல்லாமல், பாகுபாடு காட்டும் வழக்கங்களையும் நடைமுறைகளையும் மாற்றவோ ஒழிக்கவோ அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதன் 2ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. ஒப்பந்தம் செய்யவும் சொத்தை நிர்வகிக்கவும் ஆணுக்குள்ள அதே உரிமை பெண்ணுக்கும் உண்டு என்பதை 15ஆம் பிரிவும், திருமண வாழ்க்கையிலும் அது முறியும்போதும் இருவருக்கும் சம உரிமை என்பதை 16ஆம் பிரிவும் சொல்கின்றன. ஆகவே சர்வதேச அளவில் அரசின் கடமையில் குழப்பம் இல்லை.

சிக்கல் உள்நாட்டில்தான் தொடங்குகிறது. சில நாடுகளில் ஏற்புறுதி அளித்தவுடனே, அதாவது கட்டுப்படுவதாக முறைப்படி உறுதி தந்தவுடனே, உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகிவிடும். வேறு சில நாடுகளில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றும்வரை நீதிமன்றத்தில் அதற்கு நேரடி வலிமை கிடையாது. அதைவிடப் பெரிய தடை, விடுதலை பெற்ற காலத்தில் எழுதப்பட்ட பல அரசியலமைப்புச் சட்டங்களில் இருந்த ஒரு விதிவிலக்கு. யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஓர் உட்பிரிவு சொல்லும். திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் வழக்காற்றுச் சட்டத்துக்கு அது பொருந்தாது என்று அடுத்த உட்பிரிவு சொல்லும்.

அந்த விதிவிலக்கு என்ன செய்யும் என்பதை ஜிம்பாப்வே உச்ச நீதிமன்றத்தின் 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டியது. உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் மூத்த பிள்ளை மகள். கீழ்நிலை நீதிமன்றம் முதலில் அவரையே வாரிசாக அறிவித்தது. வேறு தாய்க்குப் பிறந்த சகோதரர்கள் எதிர்த்தனர். அவர்களில் ஒருவர் வாரிசானார். மகள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆண் வாரிசு இருக்கும்போது மகளுக்கு இடமில்லை என்பதே வழக்காறு என்றும், அரசியலமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழக்காற்றைப் பாகுபாட்டுத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. சீடாவில் ஜிம்பாப்வே அப்போதே உறுப்பு நாடு. 2013இல் அந்நாடு புதிய அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றபோது நிலைமை தலைகீழானது: பெண்களுக்கு அச்சட்டம் வழங்கும் உரிமைகளை மீறும் சட்டங்களும் வழக்கங்களும் மரபுகளும் அந்த மீறலின் அளவுக்குச் செல்லாதவை என்று அதன் 80ஆம் பிரிவு கூறுகிறது. உகாண்டா 1995இலும் கென்யா 2010இலும் இதே திசையில் சென்றன. போட்ஸ்வானாவின் அரசியலமைப்புச் சட்டத்தில் பழைய விதிவிலக்கு நீங்கவில்லை.

கேள்வி: இவையெல்லாம் வெளியார் தங்கள் மதிப்பீடுகளைத் திணிக்கும் வேலை அல்லவா? தன் பண்பாட்டின்படி வாழ ஒரு சமூகத்துக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமை உண்டு, அதுவும் மனித உரிமைதான். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, சிறுபான்மைச் சமூகத்தினர் தங்கள் பண்பாட்டின்படி வாழும் உரிமையைக் காக்கிறது. பழங்குடிகளும் தொல்குடிகளும் தங்கள் வழக்கங்களையும் அமைப்புகளையும் வைத்துக்கொள்ளலாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கை கூறுகிறது. அவை அடிப்படை உரிமைகளோடு முரண்படக் கூடாது என்பதையும் சேர்த்தே கூறுகிறது. 2007ஆம் ஆண்டின் தொல்குடி மக்கள் உரிமைப் பிரகடனமும் அப்படியே: அதன் 34ஆம் பிரிவு அவர்களுடைய சட்ட முறைகளை ஏற்கிறது, 44ஆம் பிரிவு அந்தப் பிரகடனத்தின் எல்லா உரிமைகளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்கிறது. பண்பாட்டு உரிமையைக் காட்டிப் பெண்களின் சம உரிமையை மீற முடியாது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2000இல் வெளியிட்ட தன் 28ஆம் பொதுக் கருத்துரையில் விளக்கியது.

இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் எளிதில் ஒதுக்கிவிடுவதில்லை. குடியேற்ற அரசுகள் வழக்காற்றை நடத்திய விதம் அவர்களுடைய ஐயத்துக்குக் காரணம் தருகிறது. தங்கள் கண்ணுக்கு இயற்கை நீதிக்கு ஒவ்வாதவையாகத் தெரிந்த வழக்கங்களைக் குடியேற்ற நீதிமன்றங்கள் தள்ளின, மற்றவற்றை வைத்துக்கொண்டன. ஆனால் எவற்றை வைத்துக்கொண்டன, யாரைக் கேட்டு எழுதிக்கொண்டன என்பதைப் பார்க்கும்போது கதை வேறாகிறது. தலைவர்களையும் மூத்த ஆண்களையும் கேட்டே அதிகாரிகள் குறிப்பெடுத்தனர். வீட்டுக்கு வீடு, காலத்துக்குக் காலம் வளைந்து கொடுத்துவந்த நடைமுறை தாளில் ஏறியதும் இறுகிப்போனது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1891இல் சட்டமாக்கப்பட்ட வழக்காற்றுத் தொகுப்பு, பெண்களை எந்த வயதிலும் ஓர் ஆணின் காப்பில் இருக்கும் மைனர்களாகவே வைத்தது. அப்படி எழுதப்பட்டதைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ஒருவர் இதுவே முன்னோர் வழி என்று வாதாடினால், அந்த முன்னோர் யார் என்று கேட்பதில் தவறில்லை.

நடப்பில் உள்ள வழக்காறு வேறு, ஏட்டில் உள்ள வழக்காறு வேறு. இந்த வேறுபாட்டை நீதிமன்றங்கள் உணரத் தொடங்கிய பிறகு வந்த தீர்ப்புகளில் இரண்டை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

முதலாவது தென்னாப்பிரிக்காவின் வலோயி சமூகத்துடையது. 1968இல் அச்சமூகத்தின் தலைவர் ஆண் வாரிசு இன்றி இறந்தார். மகள் இருந்தும், பெண் என்பதால் பதவி அவருடைய சித்தப்பாவுக்குப் போனது. 1990களின் பிற்பகுதியில் அரச குடும்பமும் சமூக மன்றமும் கூடி, அந்த மகளுக்கே தலைமை உரியது என்று தீர்மானித்தன. சித்தப்பா இறந்த பிறகு அவருடைய மகன் நீதிமன்றம் சென்றார்; கீழ் நீதிமன்றங்கள் பழைய வழக்காற்றைக் காட்டி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. அரசியலமைப்பு நீதிமன்றம் 2008இல் அதை மாற்றியது. தன் வழக்காற்றைக் காலத்துக்கேற்ப வளர்க்கும் அதிகாரம் அந்தச் சமூகத்துக்கே உண்டு, அதை நீதிமன்றம் மதிக்க வேண்டும் என்பதே அதன் காரணம். இங்கே சமத்துவத்தைக் கொண்டுவந்தவர்கள் வெளியார் அல்லர்.

இரண்டாவது போட்ஸ்வானாவுடையது. முதுமை எய்திய நான்கு சகோதரிகள் தங்கள் குடும்ப வீட்டைப் பராமரித்துவந்தனர். குடும்ப வீடு கடைசி மகனுக்கே சேரும் என்ற இங்வாகெட்சே இன வழக்காற்றைக் காட்டி, உறவினர் ஒருவர் அவர்களை வெளியேற்ற முயன்றார். 2012இல் உயர் நீதிமன்ற நீதிபதி கீ டிங்காகே அந்த விதியே அரசியலமைப்புக்கு முரணானது என்றார். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சகோதரிகளுக்கே வீட்டை உறுதிசெய்தது. ஆனால் வேறொரு வழியில். பெண்களை விலக்கும் விதி இன்றைய இங்வாகெட்சே வழக்காற்றில் இல்லை, அது மாறிவிட்டது என்றது. அரசியலமைப்புக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நீதிமன்றம் நழுவிவிட்டது என்று குறைபட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு தரப்பும் வழக்காற்றின் பெயரால் பேசும்போது, பெண்கள் சொல்வதும் வழக்காறுதான் என்று ஒரு மேல் நீதிமன்றம் ஒப்புக்கொள்வது சிறிய காரியமல்ல.

கேள்வி: வழக்காறு எழுதப்படாதது என்றால் அதை நீதிமன்றத்தில் எப்படி மெய்ப்பிப்பது? மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

பதில்: வந்தவற்றுள் மிகவும் பயனுள்ள கேள்வி இது. உரிமைகளைப் பற்றிய பெரிய வாதங்களில் தோற்காத வழக்குகள், இந்த இடத்தில் ஓசையில்லாமல் தோற்றுப்போகின்றன.

பொறுப்பு யாருடையது என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த தீர்ப்பு நல்ல சான்று. கோண்ட் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வாரிசுகள், அவருடைய தந்தையின் சொத்தில் பங்கு கேட்டனர். பெண்ணுக்குப் பங்கு தரும் வழக்கம் இருப்பதை அவர்கள் காட்டவில்லை என்று கூறிக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. கேள்வியே தலைகீழாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்றது உச்ச நீதிமன்றம்: பெண்ணுக்குப் பங்கு மறுக்கும் வழக்கம் இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும், அது மெய்ப்பிக்கப்படாதபோது சமத்துவமே விதி. கவனியுங்கள், அந்த வழக்கில் எந்த வழக்காறும் ரத்து செய்யப்படவில்லை. மெய்ப்பிக்கும் சுமையை யார் தோளில் வைப்பது என்பதை மாற்றியதிலேயே முடிவு மாறிவிட்டது.

எப்படி மெய்ப்பிப்பது என்பதற்குத் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டு வழக்கு ஒன்று. கணவர் இறந்தபின் இரண்டு பெண்கள், தத்தம் வழக்காற்றுத் திருமணத்தைப் பதிவு செய்யக் கேட்டனர். முதல் மனைவியின் சம்மதம் இல்லாமல் சோங்கா இன வழக்காற்றின்படி இரண்டாவது திருமணம் செல்லுமா என்பது கேள்வி. போதிய சான்று இல்லை என்று கண்ட நீதிமன்றம், மேலும் சான்று கேட்டு வாங்கியது. பலதார மணத்தில் வாழும் மக்கள், தலைவர்களின் ஆலோசகர்கள், அறிஞர்கள் எனப் பலரிடமிருந்து பிரமாணப் பத்திரங்கள் வந்தன. அவை ஒன்றுபோல் இருக்கவில்லை. அந்த வேறுபாட்டையே வழக்காற்றின் இயல்பாக ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், பெரும்பான்மைத் தீர்ப்பில் முதல் மனைவியின் சம்மதம் தேவை என்று முடிவு செய்தது. சமத்துவத்துக்குக் கிடைத்த வெற்றி என்று அதைக் கொண்டாடியவர்கள், தன் திருமணம் செல்லாது என்று ஆன இரண்டாவது பெண்ணைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஆகவே இப்படி ஒரு வழக்கில் இருப்பவர் தேட வேண்டியவை: அதே குலத்தில் மகளோ கைம்பெண்ணோ நிலமோ வீடோ பெற்ற நிகழ்வுகள், அவற்றை நேரில் கண்ட மூத்த பெண்கள், சமூக மன்றத்தின் கூட்டக் குறிப்புகள், வரி ரசீதுகள், நிலப் பதிவேடுகள். வழக்காறு என்பது நூலில் உள்ள விதி மட்டுமல்ல, மக்கள் உண்மையில் செய்துவருவதும்தான் என்று நீதிமன்றத்தை ஏற்கவைக்க இவை உதவும். மூத்த பெண்களை முதலில் தேடுங்கள். எதிர்த்தரப்பின் சாட்சிகள் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பார்கள், அதை நீதிமன்றத்துக்குச் சுட்டிக்காட்டவும் செய்யலாம்.

கேள்வி: கணவர் இறந்தவுடன் அவருடைய உறவினர்கள் வீட்டை விட்டு வெளியேற்றினால், ஒரு பெண் ஐ.நா. வரை செல்ல முடியுமா?

பதில்: செல்லலாம், சென்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீண்ட பாதை.

தான்சானியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே தந்தைவழிச் சமூகங்களின் வழக்காறு 1963இல் அரசாணையாக எழுதப்பட்டது. இறந்தவரின் குலத்தில் உறவினர் இருந்தால் கைம்பெண்ணுக்குப் பங்கில்லை. பிள்ளைகள் அவளைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது அதன் விதி. மகள்கள் குல நிலத்தைப் பயன்படுத்தலாம், விற்க முடியாது. 1990இல் முவான்சா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி முவாலுசான்யா ஒரு துணிச்சலான தீர்ப்பை அளித்தார். தந்தை உயிலில் எழுதிவைத்த குல நிலத்தை ஒரு பெண் விற்றுவிட, அவருடைய உறவினர் அந்த விற்பனையை எதிர்த்திருந்தார். அரசியலமைப்பின் உரிமைப் பட்டியலோடு சீடாவையும் ஆப்பிரிக்க மனித உரிமை சாசனத்தையும் எடுத்துக்காட்டி, குல நிலத்தை வாரிசாகப் பெறவும் விற்கவும் ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்றார் நீதிபதி.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2005இல், இரண்டு கைம்பெண்கள் அதே 1963ஆம் ஆண்டு ஆணையின் வாரிசுரிமை விதிகளை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றனர். விதிகள் பாகுபாடானவை என்று 2006இல் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பால் வழக்காற்றை மாற்ற முடியாது, ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டிவரும் என்று அஞ்சிக் கைவிட்டது. மேல்முறையீடு, நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 2010இல் ஒரு தொழில்நுட்பக் குறைபாட்டைக் காரணம் காட்டித் தள்ளப்பட்டது. அதன்பின், தனிநபர்கள் முறையிட வழிசெய்யும் இணை ஒப்பந்தமான சீடாவின் விருப்பேற்பு நெறிமுறையின்கீழ் அவர்கள் முறையிட்டனர். இருபத்துமூன்று நிபுணர்களைக் கொண்ட சீடா குழு, தான்சானியா உடன்படிக்கையை மீறியிருக்கிறது என்றும், அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும், பாகுபாடான வழக்காற்று விதிகளை நீக்கவோ திருத்தவோ வேண்டும் என்றும் 2015இல் கூறியது.

முறையிட மூன்று நிபந்தனைகள் முக்கியமானவை. சம்பந்தப்பட்ட நாடு, 2000 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள அந்த நெறிமுறையைத் தனியாக ஏற்றிருக்க வேண்டும். சீடாவை ஏற்ற எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. உள்நாட்டு நீதிமன்றங்களில் உள்ள வழிகள் அனைத்தும் முடிந்திருக்க வேண்டும். அவை அளவுக்கு மீறி இழுத்தடிக்கப்பட்டால் விலக்கு உண்டு. முறையீடு பெயரில்லாமல் இருக்கக் கூடாது. குழுவின் கருத்துரை கிடைத்தபின் ஆறு மாதத்துக்குள் அரசு எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தக் கருத்துரையை நிறைவேற்றும்படி அரசைக் கட்டாயப்படுத்தும் காவல்துறை எதுவும் ஐ.நா.விடம் இல்லை. அதன் பயன், உள்நாட்டில் சட்டத் திருத்தம் கோருபவர்கள் கையில் கிடைக்கும் ஓர் ஆவணம் என்பதில்தான் இருக்கிறது.

கேள்வி: எல்லா நாடுகளும் சீடாவை முழுமையாக ஏற்றுவிட்டனவா?

பதில்: 189 நாடுகள் உறுப்பு நாடுகள். அமெரிக்கா 1980இல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை. ஏற்றவற்றிலும் பல நாடுகள், சில பிரிவுகள் தங்களைக் கட்டுப்படுத்தா என்று எழுதிக்கொடுத்தே சேர்ந்தன. அவற்றுள் அடிக்கடி அடிபடுவது குடும்ப உறவுகள் குறித்த 16ஆம் பிரிவுதான். இந்தியா 1993இல் ஏற்புறுதி அளித்தபோது, எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரங்களிலும் அச்சமூகத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இன்றித் தலையிடாத தன் கொள்கைக்கு ஏற்பவே 5ஆம், 16ஆம் பிரிவுகளைச் செயல்படுத்தும் என்று அறிவித்தது. உடன்படிக்கையின் நோக்கத்துக்கே முரணான விலக்குகள் அனுமதிக்கப்படமாட்டா என்று 28ஆம் பிரிவு சொன்னாலும், எது முரண் என்று தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் எதுவும் நடைமுறையில் இல்லை. சமூகத்தின் சம்மதம் என்று அரசுகள் எழுதும்போது அந்தச் சமூகத்தின் பாதிப் பேரான பெண்களை யார் கேட்டார்கள் என்ற கேள்வி இங்கும் நிற்கிறது.

கேள்வி: பரிசம் கொடுத்துப் பெண் எடுக்கும் முறையைச் சர்வதேசச் சட்டம் தடை செய்கிறதா?

பதில்: பரிசத்தைப் பெயர் சொல்லித் தடை செய்யும் பிரிவு சீடாவில் இல்லை. சுதந்திரமான, முழுமையான சம்மதத்தோடு மட்டுமே திருமணம் என்பதும், திருமணம் முறியும்போது சம உரிமை என்பதும் இருக்கின்றன. பரிசம் இவற்றைக் கெடுக்கிறதா என்பதே கேள்வி.

உகாண்டா உச்ச நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் ஏறக்குறைய இந்தக் கோட்டிலேயே தீர்ப்பளித்தது. பரிசம் கொடுக்கும் வழக்கத்தையே செல்லாது என்று அறிவிக்க மறுத்தது. ஆனால் திருமணம் முறியும்போது பரிசத்தைத் திருப்பிக் கேட்பது அரசியலமைப்புக்கு முரணானது என்றது. இந்தப் பிரிப்பு நடைமுறை அறிவோடு செய்யப்பட்டது என்பேன். பரிசத்தைத் திருப்பித் தர முடியாத பெற்றோர், அடிவாங்கும் மகளைக் கணவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பும் நிலையில் நிற்கிறார்கள். பெண்ணைத் திருமணத்தில் பூட்டிவைப்பது கொடுப்பதைவிடத் திருப்பிக் கேட்பதுதான். வழக்கத்தை அடியோடு தடை செய்யக் கேட்டவர்களுக்கு இது பாதி வெற்றியாகவே தோன்றியது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

சம்மதமே இல்லாத இடத்தில் தயக்கத்துக்கு வேலையில்லை. பாப்புவா நியூ கினியாவில், இரண்டு குலங்களுக்கிடையே ஒரு மரணத்துக்கு ஈடாகக் கொடுக்க வேண்டியவற்றில் பன்றிகளோடும் பணத்தோடும் ஓர் இளம்பெண்ணும் சேர்க்கப்பட்டார். 1997இல் தேசிய நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது. அந்த வழக்காறு அரசியலமைப்பின் உரிமைகளுக்கு முன் நிற்க முடியாது என்பதே அதன் முடிவு.

கேள்வி: அப்படியானால் பெண்கள் சமூக மன்றங்களையும் மரபுவழி நீதிமன்றங்களையும் விட்டுவிட்டு அரசு நீதிமன்றங்களுக்கே செல்வது நல்லதல்லவா?

பதில்: சொல்வது எளிது. அரசு நீதிமன்றம் தொலைவில் இருக்கும், அதன் மொழி வேறாக இருக்கும், வழக்கறிஞருக்குக் கட்டணம் வேண்டும், வருடங்கள் ஆகும். நைஜீரியாவில் 1981இல் இறந்த ஒருவரின் சொத்தில் அவருடைய மகளுக்குப் பங்கு மறுக்கும் இக்போ இன வழக்காறு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 2014 ஏப்ரலில். அத்தனை காலம் காத்திருக்க எல்லாராலும் முடியாது. அருகில் இருக்கும் மன்றத்தில் ஒரே நாளில் பேசித் தீர்க்க முடிந்தால் பெண்களும் அங்கேதான் செல்வார்கள்.

ஆகவே அந்த மன்றங்களில் யார் அமர்கிறார்கள், யாருக்குப் பேச உரிமை உண்டு என்பதைத்தான் மாற்ற வேண்டும் என்று கருதுகிறேன். ஈக்வடாரின் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் தொல்குடி நீதி முறையை ஏற்கும்போதே, அதில் பெண்களின் பங்கேற்பும் முடிவெடுக்கும் உரிமையும் உறுதியாக வேண்டும் என்று 171ஆம் பிரிவில் நிபந்தனை வைத்தது. மெக்சிகோவின் வாஹாகா மாநிலத்தில், மரபு வழக்கப்படி தேர்தல் நடக்கும் ஒரு தொல்குடி ஊரில் 2007இல் எவுஃப்ரோசினா குரூஸ் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, பெண் என்பதால் அவருக்குரிய வாக்குகள் செல்லாதவை ஆக்கப்பட்டன. பின்னர் அவர் சட்டமன்ற உறுப்பினரானார். 2015இல் மெக்சிகோவின் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, தொல்குடிப் பெண்கள் வாக்களிக்கவும் தேர்ந்தெடுக்கப்படவும் உள்ள உரிமையை எந்த வழக்கமும் கட்டுப்படுத்தக் கூடாது என்று சேர்க்கப்பட்டது.

ஆப்பிரிக்க நாடுகள் 2003இல் மாபுட்டோ நகரில் ஏற்ற பெண்கள் உரிமை நெறிமுறையின் 17ஆம் பிரிவையும் இங்கே சொல்ல வேண்டும். பெண்கள் நல்ல பண்பாட்டுச் சூழலில் வாழவும், பண்பாட்டுக் கொள்கைகளைத் தீர்மானிப்பதில் எல்லா நிலைகளிலும் பங்கேற்கவும் உரிமை உள்ளவர்கள் என்கிறது அது. பெண்ணைப் பண்பாட்டிலிருந்து காப்பாற்ற வேண்டியவளாக மட்டும் பார்க்காமல், அதை ஆக்குபவளாகவும் பார்த்த உடன்படிக்கைப் பிரிவு இது. அதே நெறிமுறையின் 21ஆம் பிரிவு, பெற்றோர் சொத்தை நியாயமான பங்குகளில் வாரிசாகப் பெறும் உரிமை பெண்ணுக்கும் ஆணுக்கும் உண்டு என்று சொல்கிறது.

கேள்வி: தாய்வழிச் சமூகங்களில் பெண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லைதானே?

பதில்: சொத்து தாய்வழியில் இறங்குவது வேறு, சொத்தை ஆள்வது வேறு. பல தாய்வழிச் சமூகங்களில் ஆட்சி தாய்மாமன் கையில் இருக்கிறது. கானாவின் அக்கான் சமூகத்தில் மனைவியும் பிள்ளைகளும் கணவனின் குலத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதனால் அவன் உயில் எழுதாமல் இறந்தால், அவர்கள் உழைத்துச் சேர்த்ததும் அவனுடைய தாய்வழி உறவினரிடம் போகும் நிலை இருந்தது. அதைச் சரிசெய்யவே 1985இல் கானா புதிய வாரிசுரிமைச் சட்டம் கொண்டுவந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வழக்காறு பெண்ணுக்குக் கொடுத்திருந்த பயன்பாட்டு உரிமையை நவீனச் சட்டம் பறித்த இடங்கள் குறைவல்ல. குலத்தின் பொது நிலம் தனிப்பட்டாவாக மாறும்போது, பட்டா குடும்பத் தலைவன் பெயரில் எழுதப்படுகிறது. உழுவதற்கும் விறகு எடுப்பதற்கும் மனைவிக்கு இருந்த உரிமை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பிறகு அவன் தன் விருப்பப்படி விற்றுவிட முடிகிறது. கிராமப்புறப் பெண்கள் குறித்து 2016இல் வெளியிட்ட 34ஆம் பொதுப் பரிந்துரையில் சீடா குழு, பெண்ணின் நில உரிமை எழுதப்பட்ட சட்டம், வழக்காறு இரண்டின்கீழும் காக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

கேள்வி: எனக்கு மகளும் மகன்களும் இருக்கிறார்கள். குல வழக்கப்படி நிலம் மகன்களுக்கே சேரும் என்கிறார்கள். மகளுக்கும் பங்கு சேர நான் இப்போதே என்ன செய்யலாம்?

பதில்: மேலே சொன்ன வாரிசுரிமை வழக்குகளில் பல, இறந்தவர் எதையும் எழுதிவைக்காமல் போனதால் எழுந்தவை. உயில் இருந்தால் வழக்காற்று வாரிசுரிமைக்குப் பெரும்பாலும் இடமிராது. தான்சானியாவின் 1990ஆம் ஆண்டு வழக்கில் அந்தப் பெண்ணுக்கு நிலம் வந்ததே தந்தையின் உயிலால்தான். எனவே தெளிவான சொற்களில் உயில் எழுதி, சட்டம் கேட்கும் சாட்சிகளோடு கையெழுத்திட்டு, பதிவு செய்யும் வசதி இருந்தால் பதிவும் செய்துவிடுங்கள். உங்கள் மனைவியோடு நடந்தது வழக்காற்றுத் திருமணம் என்றால் அதையும் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத திருமணத்தில் கைம்பெண்ணாகும் ஒருத்தி, பங்கு கேட்பதற்கு முன் தான் மனைவிதான் என்று நிறுவ வேண்டியிருக்கும். இருவரும் உழைத்து வாங்கிய நிலம் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் மனைவியின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பெயரில் மாற்றுங்கள்.

மகன்களை அழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே உங்கள் முடிவைச் சொல்லிவிடுவதும் நல்லது. உறவினர் சிலர் சாட்சியாக இருந்தால், பின்னாளில் அப்பா அப்படிச் சொல்லவே இல்லை என்று வாதாடுவது கடினமாகும். எச்சரிக்கை ஒன்று: சில நாடுகளின் சட்டம், தானே சம்பாதித்த சொத்தை உயிலில் எழுத அனுமதித்தாலும், குலத்தின் பொதுச் சொத்தை எழுத அனுமதிப்பதில்லை. உங்கள் நிலம் இவற்றில் எந்த வகை என்பதை ஒரு வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள். உயிலுக்கு இடமில்லை என்று தெரிந்தால், உயிரோடு இருக்கும்போதே தானமாக எழுதி மகள் பெயரில் பதிவு செய்ய முடியுமா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.